கொமடோர் 64 கணினிக்குத் திரை இணைத்தல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், பழைய வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் மூத்தவர் ஒருவரின் வேலை மேசை இருக்கிறது. அங்கே வந்துசேர்ந்த கொமடோர் 64, 1980களில் இங்கிலாந்தில் படித்த ஒருவர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. நெடுங்காலம் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த அதை இப்போது அவருடைய மகன் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, ஹால்ல இருக்கிற டிவியில இது தெரியணும். முடியுமா?"

"முடியும் தம்பி. மொதல்ல கரண்ட பாப்போம். படம் அப்புறம்."

வேலையின் வரிசை முழுவதும் இந்தப் பதிலில் அடங்கிவிட்டது. திரை இணைப்பது என்றால் பலரும் நேரே கேபிளைத் தேடுவார்கள். இந்தக் கணினியைப் பொறுத்தவரை அது மூன்றாவது வேலை. முதலாவது மின்பெட்டி, இரண்டாவது பின்பக்கத்துத் துளைகள்.

கொமடோர் 64 விற்பனைக்கு வந்தது 1982இல். 64 கிலோபைட் நினைவகம், 320க்கு 200 புள்ளிகள், 16 நிறங்கள். விசைப்பலகையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். தனித் திரை கிடையாது. வீட்டிலுள்ள தொலைக்காட்சிதான் திரை என்ற கணக்கில் செய்யப்பட்டது. மலேசியாவுக்கு இங்கிலாந்துக் கருவி பெரும்பாலும் பொருந்திவிடும். இரு நாடுகளிலும் அதே மூன்று கால் செருகி, அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்; அனலாக் காலத்தில் அதே பால் (PAL) நிற ஒளிபரப்பு முறை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. அதைப் பிறகு பார்ப்போம்.

மின்பெட்டி கறுப்பு நிறத்தில் செங்கல் கனத்தில் இருக்கிறது. உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. அதிலிருந்து இரண்டு வகை மின்சாரம் வருகிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். நினைவகச் சில்லுகளும் செயலியும் 5 வோல்ட்டில் ஓடுகின்றன. 9 வோல்ட்டிலிருந்து ஒலிச் சில்லுக்கு வேண்டிய 12 வோல்ட் கிடைக்கிறது. கணினியின் நேரக் கடிகாரம் நொடியை எண்ணுவதும் அதே மாறுமின்சாரத்தின் 50 துடிப்புகளைக் கொண்டுதான். ஆகவே இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. உள்ளிருக்கும் மின்னழுத்தச் சீராக்கி மூப்படைந்து பழுதானால், 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிவிடும். ஏறிய அழுத்தம் நேரே நினைவகச் சில்லுகளைத் தின்னும். பெட்டி அணைந்துபோனால் நட்டம் பெட்டியோடு நிற்கும். மிகை அழுத்தத்தோடு ஓடினால் கணினியும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் மூத்தவர் கணினியுடன் பூட்டாமல் பெட்டியை மட்டும் முதலில் சுவர் மின்துளையில் செருகினார்.

வெற்றாக அளந்தால் போதாது. சுமை இல்லாதபோது நல்ல அளவைக் காட்டும் பெட்டி, சுமை ஏறியதும் குணம் மாறலாம். பெட்டியின் 7 முனை டின் (DIN) செருகியில் 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் இடையே 4.7 ஓம், 10 வாட் பீங்கான் மின்தடை ஒன்றை முதலைக் கவ்விகளால் மாட்டினார். 5 வோல்ட்டில் இது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். கணினி இழுக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். மின்தடை கைபொறுக்காத அளவு சூடாகும் என்பதால் ஓட்டுத்துண்டு ஒன்றின்மேல் வைத்தார். மல்டிமீட்டர் 5.04 காட்டியது. அரை மணி நேரம் அப்படியே விட்டார். பெட்டி வெதுவெதுப்பான பிறகு 5.02. ஏற்கத்தக்க எல்லை 4.75 முதல் 5.25 வரை. இந்தப் பெட்டி நடுவில் நிற்கிறது. பிறகு மீட்டரை மாறுமின்சாரத்துக்குத் திருப்பி 6, 7 முனைகளை அளந்தார். சுமை இல்லாமல் 9க்கு மேல் ஒன்றோ இரண்டோ கூடக் காட்டும்; அது இயல்பு.

இவ்வளவு தேறிய பெட்டியையும் அவர் முழுதாக நம்பவில்லை. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே சிறிய காப்புச் சுற்று ஒன்றைச் சேர்த்தார். 5 வோல்ட் கம்பியில் அழுத்தம் ஏறினால் அது ரிலேயை விடுத்து இணைப்பைத் துண்டிக்கும். சுவர்ச் செருகியைத் திறந்து ஃபியூஸையும் பார்த்தார். முன்பு யாரோ 13 ஆம்பியர் போட்டிருந்தார்கள். இந்தச் சுமைக்கு 3 ஆம்பியர் போதும். மாற்றினார்.

அடுத்து பின்பக்கம். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்த உலோகம் மங்கிப் போயிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் சுழற்றினார். பஞ்சு பழுப்பாக வந்தது. துளையின் உள்ளே இருக்கும் பிடிகளுக்குப் பஞ்சு எட்டாது. அதற்கு ஒரு பழைய டின் செருகியை ஆல்கஹாலில் தோய்த்து, மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தார். உரசலே பித்தளைப் பிடிகளைத் துலக்கிவிடுகிறது. உப்புத்தாள் போடக்கூடாது என்பது அவர் விதி. முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடி மங்கும்.

பின்பக்கத் துளைகளில் திரைக்கு உரியவை இரண்டு. ஒன்று ஆன்டெனா வெளியீடு, தனி வட்டத் துளை. அதற்குப் பக்கத்தில் ஒலி ஒளி வெளியீடு, குதிரைலாட வடிவில் முனைகள் கொண்ட டின் துளை. அதை அடுத்து, பார்வைக்கு ஏறக்குறைய அதே போல, வட்டு இயக்கிக்கான 6 முனைத் துளை. மேசைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவிச் செருகுபவர்கள் இந்த இரண்டையும் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரு சொட்டு வெள்ளை வண்ணத்தை ஒலி ஒளித் துளையின் மேல் வைத்துவிட்டார். மிகத் தொடக்கக் காலப் பலகைகளில் இந்தத் துளைக்கு 5 முனைதான் இருந்தது. பிறகு 8 முனையாயிற்று. இந்தக் கணினியில் 8.

ஆன்டெனா வெளியீட்டை ஏன் விட்டுவிட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன பொருந்தாத இடமும் இதுவே. கணினிக்குள் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கிறது. அது படத்தையும் ஒலியையும் சேர்த்து, ஒரு தொலைக்காட்சி நிலையம் போலவே, யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசையில், 591.25 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். இங்கிலாந்துத் தரத்தில் ஒலி, படத்தைவிட 6 மெகாஹெர்ட்ஸ் மேலே இருக்கும். மலேசியத் தரத்தில் 5.5. எனவே இங்கிலாந்துக் கணினியை இங்குள்ள பழைய தொலைக்காட்சியின் ஆன்டெனாத் துளையில் செருகினால் படம் வரும், ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல் வரும். பலர் இதைக் கணினியின் பழுது என்று எண்ணியிருப்பார்கள். மலேசியா அனலாக் ஒளிபரப்பை 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. இனி வரும் தொலைக்காட்சிகளில் அனலாக் ட்யூனர் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்தப் பாதையை மூடிவிட்டு ஒலி ஒளித் துளைக்கு வந்தார்.

இந்தத் துளையின் முனைகளில் நமக்குத் தேவையானவை இவை: 1ஆம் முனையில் ஒளிர்வு, 2இல் தரை, 3இல் ஒலி வெளியீடு, 4இல் காம்போசிட், 5இல் ஒலி உள்ளீடு, 6இல் நிறம். காம்போசிட் என்பது ஒளிர்வையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவது. 1ஐயும் 6ஐயும் தனித்தனியே எடுத்தால் அதுதான் எஸ்-வீடியோ. முனைகளின் எண் வரிசை இடமிருந்து வலமாக ஓடாது. லாடத்தின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 6, 1, 4, 2, 5, 3, 7 என்று அமைந்து, 8ஆம் முனை நடுவில் தனியே நிற்கும். செருகியின் பின்புறப் பிளாஸ்டிக்கில் இந்த எண்கள் கடுகளவில் பதிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கி வைத்துத்தான் படிக்க முடியும். 6உம் 1உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது கேபிள் செய்பவருக்கு வசதி.

முதல் சோதனையை மிகக் குறைந்த சிக்கலோடு செய்ய வேண்டும் என்பது அவர் முறை. புதிய தட்டைத் திரையில் நேரே மாட்டி, படம் வராவிட்டால், குறை கணினியிலா கேபிளிலா திரையிலா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே மூலையிலிருந்த 14 அங்குலப் படக்குழல் தொலைக்காட்சியை இழுத்து வைத்தார். மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள் கொண்டது. மலேசியாவில் நிற ஒளிபரப்பு தொடங்கிய 1978இலிருந்து இங்கு விற்ற நிறத் தொலைக்காட்சிகள் பால் முறையைத் தாமாகவே புரிந்துகொள்ளும். 50 ஹெர்ட்ஸ் என்றால் முகம் சுளிக்காது. சாதாரண 5 முனை டின் செருகி இந்த 8 முனைத் துளையிலும் பொருந்தும் என்பதால், அப்படியொரு தயார் கேபிளே இந்தச் சோதனைக்குப் போதும்: 4 மஞ்சளுக்கு, 3 வெள்ளைக்கு, 2 தரைக்கு.

செருகுமுன் எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்க வேண்டும். இதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. மஞ்சள் ஆர்சிஏ செருகியைக் கவனித்தால் காரணம் தெரியும். அதன் நடுஊசி, வெளிவளையத்தைவிட நீளம். செருகும்போது சமிக்ஞைக் கம்பி முதலில் தொடும், தரை பிறகுதான் தொடும். மூன்றாம் காலில்லாத தொலைக்காட்சியின் உடல் தரையோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த மிச்ச மின்னழுத்தம் தரை தொடுமுன் சமிக்ஞைக் கம்பி வழியே சில்லுக்குப் பாய இடமிருக்கிறது. டின் செருகியில் வெளிக்கூடு முதலில் தொடுகிறது; அந்த வகையில் அது நல்ல வடிவமைப்பு. ஜாய்ஸ்டிக்கும் இந்த விதிக்கு உட்பட்டதே. அந்தத் துளை நேரே உள்ளீட்டுச் சில்லுக்குப் போவதால், விரலிலிருந்து தாவும் நிலைமின்னே அதைக் கெடுக்கப் போதும்.

தொலைக்காட்சியை முதலில் போட்டு ஏவி வழிக்கு மாற்றினார். பிறகு கணினியின் வலப்பக்கச் சுவிட்ச். ஏறக்குறைய மூன்று நொடிகளில் வெளிர்நீலக் கரையும் நீல நடுவும் வந்து, எழுத்துகள் தோன்றின: 38911 பேசிக் பைட்டுகள் மீதம், அதற்குக் கீழே துடிக்கும் சதுரம். அந்த எண் முக்கியமானது. இயக்கும்போது கணினி தன் நினைவகத்தைத் தானே எண்ணிப் பார்க்கிறது. ஒரு சில்லு கெட்டிருந்தால் எண் குறையும், அல்லது எழுத்தே வராது. கரையும் இல்லாமல் திரை முழுக் கறுப்பாக நின்றால் சந்தேகம் திரையின் மீது போகக்கூடாது. கணினிக்குள் இருக்கும் பிஎல்ஏ என்ற சில்லிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

படம் வந்தது, ஆனால் அழகாக இல்லை. எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஊர்ந்தன. அது காம்போசிட்டின் பிறவிக்குணம். பால் முறையில் நிறம் 4.43361875 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வருகிறது. கூர்மையான எழுத்தோரமும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறி இறங்குவதால், ஓரம் எது, நிறம் எது என்று தொலைக்காட்சிக்குப் பிரித்தறிய முடியாது.

இங்கே அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டிய கணக்கு, இந்தக் கணினியை வடிவமைத்தவர்கள் மீது மரியாதையை ஏற்படுத்தும். உள்ளேயுள்ள படிகம் 17.734475 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அதை 4ஆல் வகுத்தால் பால் நிற அலை அப்படியே கிடைக்கிறது. 18ஆல் வகுத்தால் 0.985248 மெகாஹெர்ட்ஸ்: செயலியின் வேகம். படச் சில்லான 6569, ஒரு வரிக்குச் செயலியின் 63 துடிப்புகளை எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்துக்கு 312 வரிகள். 63ஐ 312ஆல் பெருக்கினால் 19656. 985248ஐ அதனால் வகுத்தால் நொடிக்கு 50.12 படங்கள். நிறம், கணக்கிடும் வேகம், படம் மாறும் வேகம் ஆகிய மூன்றும் ஒரே படிகத் துண்டிலிருந்து வருகின்றன. உதிரி பாகம் மிச்சம். மூன்றும் ஒன்றோடொன்று பிசகாமல் ஓடுவது உபரி லாபம்.

ஊரும் புள்ளிகளைப் போக்க எஸ்-வீடியோ கேபிள் வேண்டும். கொமடோரின் சொந்தத் திரையான 1702இல் ஒளிர்வுக்கும் நிறத்துக்கும் பின்பக்கத்தில் தனித்தனித் துளைகள் இருந்தன. எஸ்-வீடியோ செருகி பரவலானது 1987இல் எஸ்-விஎச்எஸ் வீடியோநாடா முறை வந்த பிறகு. முன்னே வந்தது பின்னே வந்த தரத்தோடு ஓரிடத்தில் முரண்படுகிறது. தரப்படி நிறச் சமிக்ஞையின் அடையாளத் துடிப்பு 0.3 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். கொமடோர் அதைவிட வெகு வலுவாக அனுப்புகிறது. நேரே இணைத்தால் நிறம் பொங்கி வழியும், சிவப்பு எழுத்தின் பக்கத்தில் கசியும். நிறக் கம்பியில் 300 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்தால் அளவு அடங்கும்.

பொருள்களுக்கு புடுவிலுள்ள பாசார் சாலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயிலில் ஹங் துவா, அங்கிருந்து எல்ஆர்டியில் அடுத்த நிலையமே புடு. கணினி வாங்க இம்பி பிளாசாவுக்கும் பின்னாளில் லோ யாட்டுக்கும் போனவர்கள், அதைப் பிரித்து மேய்வதற்கு வந்தது இந்தச் சாலைக்கு. வாங்கியவை: 8 முனை டின் ஆண் செருகி ஒன்று, இரண்டு மீட்டர் தயார் எஸ்-வீடியோ கேபிள், மெல்லிய கவச ஒலிக் கம்பி, வெள்ளை ஆர்சிஏ செருகி, 300 ஓம், எட்டில் ஒரு வாட் மின்தடை, 2 மில்லிமீட்டர் சுருங்குகுழல். 8 முனைச் செருகியில் 262 பாகை, 270 பாகை என்று இரண்டு வகை உண்டு. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கொமடோருக்கு வேண்டியது 262. கடையில் கேட்டு வாங்கிய பிறகும், வீட்டில் துளைமேல் வைத்து, அழுத்தாமல் தானாக வழுக்கி உட்காருகிறதா என்று பார்த்தார்.

தயார் கேபிள் வாங்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எஸ்-வீடியோவின் சிறு டின் செருகிக்குள் நான்கு ஊசிகள், பட்டாணி அளவு இடத்தில். அதில் ஈயம் வைப்பது சிரமம். தயார் கேபிளின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால், சிரமமான பக்கம் தொழிற்சாலையிலேயே செய்தாகிவிட்டது. வெட்டிய பக்கத்தில் மேலுறையை 20 மில்லிமீட்டர் உரித்தார். உள்ளே தனித்தனிக் கவசம் போர்த்திய இரண்டு கம்பிகள். எது எதற்கு என்று நிறத்தை வைத்து முடிவு செய்யவில்லை. மீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, மறுமுனைச் செருகியின் 3ஆம் ஊசியோடு பேசும் கம்பி ஒளிர்வு, 4ஆம் ஊசியோடு பேசுவது நிறம் என்று கண்டு, நிறக் கம்பியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். ஒலிக் கம்பியையும் சேர்த்து மூன்று கம்பிகளின் கவசங்களையும் ஒன்றாக முறுக்கினார்.

ஈயம் வைக்குமுன் செருகியின் கூட்டையும் ரப்பர் வாலையும் கேபிளில் கோத்துவிட வேண்டும். கடைசியில் நினைவு வந்தால் வைத்த ஈயம் எல்லாவற்றையும் அவிழ்க்க நேரும். சுருங்குகுழல் துண்டுகளுக்கும் இதே நியதி.

சோல்டரிங் அயர்ன் 350 பாகை செல்சியசில் இருந்தது. 60க்கு 40 ஈயம், 0.7 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் பிசின் உள்ளது. டின் செருகியின் ஊசிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் இரண்டு மூன்று நொடிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். இளகினால் ஊசி சாய்ந்து, பிறகு எந்தத் துளையிலும் நுழையாது. இதற்கு அவர் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. உடைந்த பலகையிலிருந்து கழற்றிய ஒரு டின் துளையை மேசைப் பிடியில் இறுக்கி, செருகியை அதில் செருகிவிட்டார். பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் நகர இடமில்லை. துளையின் உலோகப் பிடிகள் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

முதலில் 2ஆம் முனை. மூன்று கவசங்கள் சேர்வதால் அதிகச் சூடு தேவைப்படுவது அதற்குத்தான்; அக்கம்பக்கம் காலியாக இருக்கும்போதே அதை முடிப்பது நல்லது. அதோடு 2ஐயும் பக்கத்திலுள்ள 5ஐயும் மயிரிழைக் கம்பியால் இணைத்தார். 5 ஒலி உள்ளீடு. அது எதிலும் சேராமல் தொங்கினால் சுற்றுப்புற இரைச்சலை ஆன்டெனா போல உள்ளே இழுக்கும். தரையில் கட்டிவிட்டால் அடங்கும். பிறகு மின்தடை. கால்களை 4 மில்லிமீட்டருக்கு நறுக்கி, ஒன்றை 6ஆம் முனையின் குழியில் வைத்தார். ஊசிகளின் பின்புறம் சிறு கிண்ணம்போல் குழிந்திருக்கும். குழியில் முதலில் ஈயம் நிரப்பி, அதை மறுபடி உருக்கி, முன்பே ஈயம் பூசிய காலை அமிழ்த்தி, அயர்னை எடுத்து, ஈயம் உறையும்வரை கை அசையாமல் நின்றார். உறைந்த பரப்பு பளபளத்தது. மங்கலாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். மின்தடையின் மறுகாலில் சிவப்புக் கோடிட்ட கம்பி. 1இல் ஒளிர்வு. 3இல் ஒலி. ஒவ்வொன்றின் மேலும் சுருங்குகுழலை ஏற்றி, அயர்னின் தண்டால் தடவிச் சுருக்கினார். முடிவில் கேபிளின் மேலுறையைச் செருகியின் உலோகப் பிடி கவ்வும்படி மடக்கினார். இழுப்பு வந்தால் பிடி தாங்க வேண்டும், ஈயம் தாங்கக்கூடாது.

மாட்டுமுன் மீட்டர். 1ஆம் முனையிலிருந்து மறுபக்கத்தின் 3ஆம் ஊசிக்கு ஓர் ஓமுக்குக் கீழே. 6இலிருந்து 4க்கு 300. 1க்கும் 6க்கும் இடையே ஒன்றுமில்லை. 5ஐத் தவிர எந்த முனையும் தரையோடு பேசவில்லை. மீட்டர் பீப் ஒலியில் இருக்கும்போதே கேபிளை வளைத்து ஆட்டிப் பார்த்தார்; ஒலி அறுந்து அறுந்து வரவில்லை.

ஹாலில் இருக்கும் தட்டைத் திரைக்கு எஸ்-வீடியோ துளை கிடையாது, எச்டிஎம்ஐ மட்டுமே. நடுவே ஒரு மாற்றி வேண்டும். விலை மலிந்த மாற்றிப் பெட்டிகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை இவர் ஒதுக்கியதற்கு இரண்டு காரணங்கள். ஒளிபரப்புத் தொலைக்காட்சியில் ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், மறுமுறை இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறி வந்து 625 வரிகள் நிறையும். கொமடோர் ஒவ்வொரு முறையும் அதே 312 வரிகளை அதே இடத்தில் வரைகிறது. மலிவுப் பெட்டி இதை ஒளிபரப்பு என்றே எண்ணி, இல்லாத பாதி வரிகளை ஊகித்து நிரப்பும், எழுத்துகள் நடுங்கும். இரண்டாவது, 50 படங்களை 60ஆக்கி அனுப்பும் பெட்டிகள் ஐந்து படத்துக்கு ஒன்றை இரட்டிக்கும். பக்கவாட்டில் நகரும் காட்சி விட்டுவிட்டு நகரும்.

அவர் வைத்தது ரெட்ரோடிங்க் 2எக்ஸ் என்ற வரி இரட்டிப்பான். பெயருக்கேற்ப ஒவ்வொரு வரியையும் இருமுறை எழுதி 576 வரிப் படமாக எச்டிஎம்ஐயில் தருகிறது. முழுப் படத்தைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வேலை அதில் இல்லை. அதனால் தாமதம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, கணினி 50.12 என்றால் அதுவும் 50.12. இந்த வேகத்தைத் திரை ஏற்க வேண்டும். 60 மட்டுமே அறிந்த கணினித் திரைகள் "சமிக்ஞை இல்லை" என்று கைவிரிக்கும். பால் நாடாக இருந்த மலேசியாவில் விற்கும் தொலைக்காட்சிகள் 50ஐ ஏற்கின்றன.

இணைப்பை மாலையில் வைத்துக்கொள்ளவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடி இறங்கத் தொடங்கினால் சுவரிலிருந்து எல்லாச் செருகிகளையும் உருவிவிடுவது அவர் வழக்கம். காலையில், எல்லாம் அணைந்த நிலையில், வரிசையாக: கணினியில் டின், மாற்றியில் எஸ்-வீடியோவும் வெள்ளை ஒலியும், மாற்றியிலிருந்து எச்டிஎம்ஐ, மாற்றிக்கு யுஎஸ்பி மின்சாரம். பிறகு தொலைக்காட்சி, மாற்றி, கடைசியில் கணினி.

புள்ளிகள் ஊரவில்லை. எழுத்தின் ஒவ்வொரு சதுரமும் தனித்துத் தெரிந்தது. நீல நடுவில் உற்றுப் பார்த்தால் மிக மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும். அவை படச் சில்லின் அருகிலிருந்தே வரும் இரைச்சல், கேபிளைக் குறை சொல்ல முடியாது. நிறச் சோதனைக்கு, போக் 53280 என்ற கட்டளையில் கமாவுக்குப் பின் 0 முதல் 15 வரை ஒவ்வொன்றாகத் தட்டினார். கரை கறுப்பிலிருந்து வெளிர்சாம்பல்வரை 16 நிறமும் மாறியது. 2இல் சற்று நேரம் நின்றார், ஏனெனில் கசிவதென்றால் சிவப்புதான் முதலில் கசியும். ஓரம் கத்திவெட்டுப்போல நின்றது. ஒலிக்கு, போக் 54296,15, உடனே 54296,0. பழைய 6581 ஒலிச் சில்லில் ஒலியளவு தாவும்போது "டிக்" என்று கேட்கும். கேட்டது.

மீதம் தொலைக்காட்சிப் பட்டியலில். அகல விகிதம் 16க்கு 9 என்றிருந்ததை 4க்கு 3 ஆக்கினார். இல்லாவிட்டால் வட்டங்கள் முட்டைகளாகும். கூர்மை பூஜ்யம். இரைச்சல் நீக்கம், அசைவு மென்மை இரண்டும் நிறுத்தம். கேம் மோட் இயக்கம். இவை அனைத்தும் அந்த ஒரு எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் பொருந்தும்படி சேமித்தார்.

"அஸ்ட்ரோ பாக்கிற பக்கம் மாறாதே அண்ணே?"

"மாறாது. இது ரெண்டாவது துளைக்கு மட்டும்தான்."

கேபிளின் டின் பக்கத்தில் வெள்ளை ஒட்டுச்சீட்டைச் சுற்றி, அழியாத மையால் எழுதினார்: கொமடோர் 64, 1 ஒளிர்வு, 6 நிறம், 3 ஒலி, 2-5 தரை, 300 ஓம் இந்தக் கூட்டுக்குள். கடைசி வரிக்குக் காரணம், நாளை வேறொருவர் நிறம் மங்கல் என்று கருதித் திறந்து பார்க்காமல் இன்னொரு மின்தடை சேர்த்துவிடக்கூடாது. சீட்டின்மேல் கண்ணாடிச் சுருங்குகுழல் ஒன்றை ஏற்றிச் சூடு காட்டி மூடினார்.